மெல்ஹெம் ஷாஹீன் என்ற நீலப்புள்ளி

ஒப்பந்தம் முதல் நாள் மாலையே வீடியோ அழைப்பில் முடிவாகிவிட்டது. லியோன் நகரத்திலிருந்து மகள் மிரேய் சுட்டுவிரலைத் திரைக்கு நேரே நீட்டினாள். பெய்ரூத்தில், கெய்த்தாவி பகுதியின் நாலாம் மாடி வீட்டில், அப்பா மெல்ஹெம் ஷாஹீன் மாட்டிக்கொண்ட பையனைப் போல உட்கார்ந்திருந்தார்.

"பாபா, இன்னொரு தடவ சொல்றேன், நல்லா கேட்டுக்கோ. கார் ஓட்டக் கூடாது."

"கார் எங்க இருக்கு? அதத்தான் போன வருஷம் வாய்க்கால்ல குளிப்பாட்டியாச்சே."

"சிரிக்காத. ஆப்ல வண்டி கூப்பிட்டுப் போற, ஆப்ல வண்டி கூப்பிட்டு வர்ற. ஒவ்வொரு வண்டியில ஏறினதும் எனக்கு லிங்க் அனுப்பணும். நீ எங்க போறன்னு மேப்புல நான் பாத்துக்கிட்டே இருப்பேன். ஒழுங்கா போயிட்டு ஒழுங்கா வந்துட்டா, அந்த வீட்ட விக்கிற பேச்ச இனிமே எடுக்க மாட்டேன்."

"ஆயுசுக்கும்?"

"ஆயுசுக்கும். ஏதாவது கோளாறு பண்ணினா, ஜனவரில பெட்டியக் கட்டிக்கிட்டு இங்க வந்துடணும். சரியா பாபா?"

"சரி பாபா."

அங்கே அப்படித்தான். மகள் அப்பாவைப் பாபா என்பாள். அப்பாவும் மகளைப் பாபா என்றே கொஞ்சுவார். ஒட்டுக்கேட்கிறவனுக்கு யார் யாரைப் பெற்றார்கள் என்று புரியாது. சமீப காலமாக மெல்ஹெமுக்கே அதில் சந்தேகம் வந்துகொண்டிருந்தது.

நாற்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் அவர். ஊர் கண்ணையெல்லாம் சரிபார்த்தவர், போன அக்டோபரில் நல்ல வெளிச்சத்தில், பெக்கா பள்ளத்தாக்கில் ஒயின் ருசி பார்த்துவிட்டுத் திரும்பும்போது, காரைப் பாசன வாய்க்காலில் இறக்கினார். ஆடு குறுக்கே வந்துவிட்டது என்று மகளிடம் சொன்னார். ஆடு குறுக்கே வரவில்லை. அது தன்பாட்டுக்கு வயலில் மேய்ந்துகொண்டிருந்தது. இவர்தான் அதற்குக் குறுக்கே போனார்.

அதற்காக அக்டோபர் பயணத்தை விட முடியுமா? அறுவடை முடிந்ததும் பெக்காவுக்குப் போய் இரண்டு ஆலைகளில் புது ஒயினை ருசி பார்த்துச் சண்டை போடுவது அவருக்கும் மூன்று நண்பர்களுக்கும் இளமையிலிருந்தே வழக்கம். ருசி பார்ப்பது ஒரு சாக்கு, சண்டைதான் விஷயம். இப்போது ஒருவர் மாண்ட்ரியாலில், ஒருவர் குவைத்தில், ஒருவர் கல்லறையில். மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, மெல்ஹெமிடம் மீதமிருந்தவை மூன்று: வீடு, அக்டோபர், பிடிவாதம். முதலாவதைக் காப்பாற்ற இரண்டாவதை ஒழுங்காக நடத்திக் காட்ட வேண்டும். மூன்றாவது எப்படியும் குறையப்போவதில்லை.

காலையில் வந்த வண்டியின் முன்சீட்டில் ஏறினார். பின்னால் உட்கார்ந்தால் ஓட்டுகிறவனை வேலைக்காரனாக நடத்துவதாகிவிடும். ஓட்டியவன் காதில் எதையோ செருகியிருந்த இளைஞன். இவர் வணக்கம் சொன்னதற்குத் தலையசைத்தான். அதோடு அவன் பங்குப் பேச்சு முடிந்தது.

மெல்ஹெம் லிங்க்கை அனுப்பினார். கைப்பேசித் திரையில், தெருக்களின் நடுவே, ஒரு நீலப்புள்ளி ஊர்ந்தது. அது தான்தான் என்பதை நம்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புள்ளிக்கு முதுகு கிடையாது, சட்டைப் பொத்தான் கிடையாது என்று தெரிந்தும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். லியோனில் மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் அல்லவா!

மலை ஏறும்போது அவளிடமிருந்து செய்தி வந்தது. "பாக்குறேன் பாபா. மலை மேல இருக்க. ஸ்வெட்டர் போட்டியா?" கூடவே ஒரு சிவப்பு இதயம். மெல்ஹெம் அதை ஓட்டுநரிடம் காட்டினார்.

"எம் பொண்ணு. பிரான்சுல இருந்து நம்மள பாத்துக்கிட்டு இருக்கா."

இளைஞன் காதிலிருந்ததைக் கழற்றாமலே சிரித்துவைத்தான்.

தஹ்ருல் பைதர் கணவாயில் மூடுபனி அடர்ந்து வண்டி நின்றது. புள்ளியும் நின்றது.

"ஏன்ப்பா நின்னுட்ட?" மெல்ஹெம் பதறினார்.

"முன்னாடி லாரி நிக்குது, உஸ்தாஸ்."

"கொஞ்சம் நகத்தக் கூடாதா? புள்ளி நின்னா அவ பயந்துடுவா."

"லாரி மேல ஏறினாலும் புள்ளி நின்னுடும், உஸ்தாஸ்."

நியாயமான பேச்சு. கீழே இறங்கியதும் ஷ்தௌரா. லப்னே என்ற கெட்டித்தயிரைத் தடவிச் சுருட்டிய ரொட்டி சாப்பிடாமல் அந்த ஊரைக் கடந்தவன் ஒன்று நோயாளி, இல்லையென்றால் வெளியூர்க்காரன். இளைஞனே கேட்டான்: "ரொட்டிக்கு நிறுத்தவா?" மெல்ஹெம் திரையைப் பார்த்தார். புள்ளி சொல்லாமல் கொள்ளாமல் நின்றால் எத்தனை கேள்வி வரும்! "வேணாம், நேரா போ" என்றார். அறுபத்தொன்பது வயதில், சிறு புள்ளிக்குப் பயந்து, வாசனையை மட்டும் ஜன்னல் வழியாகச் சாப்பிட்டுக்கொண்டே போனார்.

முதல் ஆலையில் ருசி பார்க்கும் மேசையைக் கவனித்துக்கொண்ட பெண்ணின் பெயர் பெர்லா. அவள் இரண்டு இடத்தில் கோப்பைகளை வைத்தாள். ஒயின் ருசி பார்க்கத் தனியாக யாரும் வருவதில்லை.

"இன்னொருத்தர் வந்துக்கிட்டு இருக்காங்களா, உஸ்தாஸ்?"

"மூணு பேரு வரணும்மா. கொஞ்சம் லேட்டாகும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒருத்தன் மாண்ட்ரியால்ல இருந்து வரணும். இன்னொருத்தன் குவைத்துல இருந்து. மூணாவது ஆளு இருக்கிற இடத்துல இருந்து பஸ்ஸே கிடையாது."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அந்தப் பெண் கோப்பையைத் துடைத்தாள். பிறகு முதல் ஒயினை ஊற்றி, செர்ரி, ஈரமண், கொஞ்சம் புகை என்று வாசனைகளை அடுக்கினாள். மெல்ஹெம் உறிஞ்சினார். செர்ரி இருந்தது, மண்ணும் இருந்தது. "எந்த மண்ணு, கல்லறை மண்ணா?" என்று கேட்க ஆளில்லை. "இருமல் மருந்துய்யா இது" என்று முகம் சுளிக்க ஆளில்லை. "உன் மூக்குக்கும் ஒரு கண்ணாடி போடு" என்று இவரைச் சீண்ட ஆளில்லை. எதிர்த்துப் பேச ஆள் இல்லாவிட்டால் ஒயின் வெறும் ஒயினாகவே இருந்துவிடுகிறது. அவர் வாழ்க்கையில் முதல்முறையாக, வாயிலிருந்ததை விழுங்காமல் பக்கத்து வாளியில் துப்பினார். அது அந்தப் பெண்ணுக்குச் சாதாரணம். அவருக்கு என்னவோ தேவாலயத்தில் துப்பியதுபோல் இருந்தது.

பக்கத்து மேசையில் பிறந்தநாள் கொண்டாடிய கூட்டம் அவரைக் கூப்பிட்டது. மகிழ்ச்சியோடு எழுந்து போனார். கைப்பேசியைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள். நன்றாகத்தான் எடுத்தார். ஒருவர் தலையும் வெட்டுப்படவில்லை. "நன்றி பெரியப்பா" என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்த ஆலைக்குப் போக ஆப்பைத் திறந்தார். திரையில் வளையம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"இங்க வர்றதுக்கு வண்டி கிடைக்கும், உஸ்தாஸ்," என்றாள் பெர்லா. "போறதுக்குத்தான் கிடைக்காது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா யாரு வருவாங்க?"

வாசல் கேட்டருகே வெயில் முதுகுப்பக்கம் வந்து சேரும்வரை நின்றார். கடைசியில் கண்ணாடியில் ஜெபமாலை ஊசலாட ஒரு பழைய நிஸான் வந்தது. ஓட்டியவன் பெயர் ஜிர்ஜி. நாற்பது வயதிருக்கும், பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். மெல்ஹெம் ஏறி, லிங்க் அனுப்பி, மூச்சு விடுவதற்குள் விசாரணை தொடங்கியது.

"எந்த ஊரு பெரியப்பா?"

"கெய்த்தாவி."

"அது வீடு. ஊரு எது?"

"அம்மா ஊரு பஸ்கின்தா."

ஜிர்ஜி பிரேக்கை மிதித்தான். "பஸ்கின்தாவா! எங்க அத்தைய அங்கதான குடுத்திருக்கு! கீழ்த்தெருவுல, மாவு மில்லுக்குப் பக்கத்துல!"

"மில்லுக்காரர் வீடா? அந்தக் காலத்து மில்லுக்காரர் சம்சாரம் எங்க அம்மாவுக்கு ஞானஸ்நானத் தாயாச்சே!"

"அப்ப நாம வேற வேற ஆளு இல்ல பெரியப்பா. ஒரே வீடு!"

ஒரே வீடு என்று தெரிந்தபின் எல்லாம் மளமளவென்று நடந்தது. இரண்டாவது ஆலை, அப்புறம் பெய்ரூத்தில் வீட்டு வாசல் வரை, எல்லாம் தன் பொறுப்பு என்றான் ஜிர்ஜி. வண்டியைப் பாப்ளார் மரத்தடியில் ஓரங்கட்டினான்.

"அந்த ஆப்ப கேன்சல் பண்ணிடுங்க."

"எதுக்கு?"

"என்ன பெரியப்பா இப்படிக் கேக்குறீங்க? சொந்தக்காரனுக்கும் சொந்தக்காரனுக்கும் நடுவுல மெஷினு எதுக்கு? நாளைக்கி எங்க அத்தைக்குத் தெரிஞ்சா, மில்லுக்காரர் வீட்டு ஞானப்பிள்ளை மகன மீட்டர் போட்டு ஏத்திக்கிட்டு வந்தியாடான்னு செருப்பால அடிக்கும்."

வேறு எந்தக் காரணம் சொல்லியிருந்தாலும் மெல்ஹெம் மறுத்திருப்பார். இதற்கு என்ன சொல்வது? மறுத்தால் அத்தையை அவமதித்ததாகும். ரத்து என்ற இடத்தைத் தொட்டார். ஆப் காரணம் கேட்டது. ஐந்தாறு காரணங்கள் வரிசையாக இருந்தன. ஓட்டுநர் சொந்தக்காரர் ஆகிவிட்டார் என்ற காரணம் அதில் இல்லை. எனவே, மனம் மாறிவிட்டது என்பதை அழுத்தினார்.

நீலப்புள்ளி அணைந்தது.

அதற்கப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"அய்யோ ஜிர்ஜி, எம் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காடா!"

"எங்க?" ஜிர்ஜி பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

மெல்ஹெம் விஷயத்தைச் சொன்னார். ஜிர்ஜி மீசையைத் தடவினான். "திருப்பி புக் பண்ணினா வேற வண்டிதான் வரும். அதுவும் வருமான்னு தெரியாது. விடுங்க, புள்ளயே கூப்பிடும். நான் பேசுறேன். எங்க அத்தைய பத்தி சொன்னா புரிஞ்சிக்கும்."

ஆமாம், கூப்பிடுவாள். தானே முந்திக்கொண்டு சொன்னால் வீட்டைத் தட்டில் வைத்து நீட்டியதாகிவிடும். அவள் கூப்பிடட்டும், சமாளிக்கலாம். பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லை என்று சொல்லலாம். பேட்டரி என்று சொல்லலாம். ஆடு மட்டும் வேண்டாம்; அதை ஒருமுறை செலவழித்தாயிற்று. கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு பதில்களை ஒத்திகை பார்த்தபடியே போனார்.

இரண்டாவது ஆலையில் கைப்பேசியை மேசைமேல், கோப்பைக்குப் பக்கத்தில், கண்ணில் படும்படி வைத்தார். ஊற்றியவர்கள் என்ன சொன்னார்கள் என்று காதில் விழவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் திரையைப் பார்த்தார். இப்போது கூப்பிடுவாள். சாப்பாட்டு நேரம், அதனால் பார்த்திருக்க மாட்டாள். சாப்பிட்டு முடித்துப் பார்ப்பாள். பார்த்ததும் கத்துவாள். மூன்றாவது ஒயின் வந்தபோது, தான் அந்தக் கத்தலுக்குப் பயப்படவில்லை, அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் துப்புவதை நிறுத்திவிட்டு விழுங்கினார்.

வெளியே காவல்காரரோடு காபி குடித்துக்கொண்டிருந்த ஜிர்ஜி கேட்டான்: "கூப்பிட்டுச்சா?"

"இன்னும் இல்ல."

"கூப்பிடும், கூப்பிடும்."

திரும்பும் வழியில் ஜிர்ஜியின் அக்கா வீட்டில் கேஸ் சிலிண்டர் ஒன்றை இறக்க வேண்டியிருந்தது. சொந்தக்காரர் வண்டியில் ஏறினால் சொந்தக்காரர் வேலையும் கூடவே வரும். அக்கா விதாத் வாசலில் நின்று, உள்ளே வந்தால்தான் ஆயிற்று என்று பிடிவாதம் பிடித்தாள். ஏலக்காய்க் காபி வந்தது. ஷ்தௌராவில் காலையில் விட்ட லப்னே, ஆலிவ் எண்ணெயில் மிதந்துகொண்டு, இங்கே தட்டில் வந்தது. அவர் தொட்டும் தொடாமலும் சாப்பிட்டார்.

"பிள்ளைங்க எத்தன பேரு?" விதாத் கேட்டாள்.

"ஒரே பொண்ணு. பிரான்சுல."

"தினமும் பேசுமா?"

"பேசுவா. இப்பக்கூட கூப்பிடுவா பாருங்க. எந்த நிமிஷமும்."

மூவரும் மேசைமேல் கிடந்த கைப்பேசியைப் பார்த்தார்கள். அது ஆமைமாதிரி கிடந்தது. விதாத் நல்லவள். பார்வையைத் திருப்பி, "இன்னொரு காபி போடட்டுமா?" என்றாள்.

வண்டிக்குத் திரும்பியதும் மெல்ஹெம் தொண்டையைச் செருமினார். "ஜிர்ஜி, எனக்கு ஒரு மிஸ்டு கால் குடேன். இது அடிக்கிதான்னு பாக்கணும்."

ஜிர்ஜி கொடுத்தான். மணி ஊரைக் கூட்டுகிறமாதிரி அடித்தது. கோழிகள் சிதறி ஓடின.

"நல்லா அடிக்குது பெரியப்பா," என்றான் ஜிர்ஜி, முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தி.

"ஆமா. நல்லாத்தான் அடிக்குது."

மலையேறி இறங்கும்வரை ஜிர்ஜி அத்தை கதைகளாகச் சொன்னான். பாதிக்கு மேல் பொய். கெய்த்தாவி வாசலில் இறக்கிவிட்டபோது கையில் கொடுத்ததை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். "மேல கொண்டு வந்து விடவா?" என்று கேட்டான். "எதுக்கு, நான் என்ன சிலிண்டரா?" என்று மெல்ஹெம் அவனை அனுப்பிவைத்தார். மின்சாரம் இல்லாததால் லிஃப்டும் இல்லை. நாலு மாடி ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் நின்று, மூச்சு வாங்கத்தான் நிற்பதாகச் சொல்லிக்கொண்டு, திரையைப் பார்த்தார்.

உள்ளே போய், மாதக் காசு கட்டி வாங்கும் தெரு ஜெனரேட்டர் லைனைப் போட்டுவிட்டு, ஒரே சொல்லாக அனுப்பினார்: "வந்துட்டேன்."

பதில் உடனே வந்தது. "சபாஷ் பாபா! நாள் பூரா பாத்துக்கிட்டே இருந்தேன். கோடு போட்ட மாதிரி போயிட்டு வந்திருக்க. நீதான் ஜெயிச்ச. வீட்டப் பத்தி இனி பேச்சே கிடையாது. நல்லா தூங்கு." வரிசையாக நாலைந்து இதயங்கள்.

மெல்ஹெம் அதை இரண்டுமுறை படித்தார். நாள் பூரா. மத்தியானத்திலேயே அணைந்துபோன புள்ளியை நாள் பூரா பார்த்திருக்கிறாள்.

வென்றாகிவிட்டது. கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவருடைய சோபா. அவருடைய ஜன்னல். அவருடைய ஆறு நாற்காலிகள். ஐந்தில் பல மாதமாக யாரும் உட்கார்ந்ததில்லை. இனி யாரும் இதை விற்கச் சொல்லி நச்சரிக்க மாட்டார்கள். ஞாயிறுதோறும் அவரும் மகளும் அதைப் பற்றித்தான் சண்டை போடுவார்கள். அதுவும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை என்ன பேசுவது? தட்பவெப்பமா?

பேசாமல் படுத்துவிடலாம். கெட்டிக்காரன் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வான். மெல்ஹெம் கைப்பேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"பாபா! டயர்டா இருக்கியா?"

"நான் எந்த வழியா திரும்பி வந்தேன்?"

"என்ன?"

"நாள் பூரா பாத்தேன்னியே. எந்த வழியா வந்தேன்?"

"வந்த... வழக்கமான வழிதான், ஷ்தௌரா..."

"நான் மத்தியானமே ஆப்ப கேன்சல் பண்ணிட்டேன் பாபா. ஒரு சொந்தக்காரன் வண்டியில வந்தேன். இன்னிக்கித்தான் சொந்தக்காரன் ஆனான். அதுக்கப்புறம் நான் மேப்புலயே இல்ல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது.

"காலையில பாத்தேன் பாபா. சத்தியமா பாத்தேன். மலையில பனிக்குள்ள நின்னுட்டு இருந்த. அப்புறம் மீட்டிங். அப்புறம் இன்னொரு மீட்டிங். அப்புறம்... மறந்தே போயிட்டேன். உன் மெசேஜ் வந்தப்பத்தான் ஞாபகமே வந்துச்சு."

"பரவால்ல பாபா. அழாத. அதச் சொல்லத்தான்..."

"இரு. இரு." அழுகை சட்டென்று நின்றது. "என்ன சொன்ன? ஆப் இல்லாம, முன்னபின்ன தெரியாதவன் வண்டியில ஏறினியா?"

"தெரியாதவன் இல்ல, அவன் அத்தைய பஸ்கின்தாவுல..."

"அத்தையாம்! உனக்கென்ன பைத்தியமா? குடிச்சிட்டு, யாருன்னே தெரியாத ஒருத்தன்கூட, மலையில! அவன் உன்ன எங்கயாவது தள்ளிவிட்டுட்டுப் போயிருந்தா? எத்தன கோப்பை குடிச்ச? பொய் சொல்லாத!"

"முதல் இடத்துல துப்பினேன்."

"ரெண்டாவது இடத்துல?"

"ரெண்டாவது இடத்துல வாளி கொஞ்சம் தள்ளி இருந்துச்சு."

"கடவுளே! ஜனவரி. பேச்சே இல்ல, ஜனவரி. நாளைக்கே டிக்கெட் பாக்குறேன். ஒப்பந்தம்னா ஒப்பந்தம்."

"நீ பாக்கவே இல்லயே, அப்புறம் என்ன ஒப்பந்தம்? அது செல்லாது."

"செல்லும்!"

"செல்லாது!"

அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. மெல்ஹெம் ஸ்பீக்கரைப் போட்டுக் கைப்பேசியைச் சமையலறை மேடையில் ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். தக்காளியை நறுக்கிக்கொண்டே நடுநடுவே "வர மாட்டேன்" என்றார். அவள் கத்தினாள். சீஸை எடுத்தார். "வர மாட்டேன்" என்றார். அவள் இன்னும் கத்தினாள். வீடு நிறைந்திருந்தது.

அப்போது ஜெனரேட்டர் நின்றது. விளக்கு போயிற்று, நெட்டும் போயிற்று, பாதி வசவோடு குரலும் அறுந்தது.

கையில் தக்காளியோடு இருட்டில் நின்றார். நெட் இல்லாமலும் கூப்பிடலாம், அவரால் முடியும். ஆனாலும் கூப்பிடவில்லை. கீழே தெருவில் யாரோ ஜெனரேட்டர்காரனின் பரம்பரையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு நாற்காலி நகர்ந்தது. இந்த இரண்டையும் தவிர ஒன்றுமே கேட்கவில்லை. நேரம் போனது. சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று அவர் தக்காளியைக் கீழே வைத்தார்.

கைப்பேசி அடித்தது. சாதாரண அழைப்பு, நெட்டெல்லாம் இல்லை, வெளிநாட்டுக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் காசு பிடுங்குகிற அழைப்பு. ஈரக்கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"எங்க விட்டேன்?" என்றாள் மிரேய்.

"பைத்தியமான்னு கேட்ட. அதுக்கப்புறம் நெறைய சொன்ன. ஜனவரியில நின்னுச்சு."

"ஆங், ஜனவரி."

"வர மாட்டேன்," என்றார் மெல்ஹெம். தடவிப் பார்த்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வசதியாக உட்கார்ந்தார்.